லேபிளைத் திருப்பிப் படித்த நாட்கள்

கனவுக்குள் இருக்கிறேன் என்பது கனவிலேயே எனக்கு முதன்முதலில் தெரிந்தது ஒரு குழந்தைச் சட்டையால்தான்.

நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர் கேட்பதை இங்கே தைப்பவர்களிடம் சொல்லி, தைத்ததை பையருக்குக் காட்டி, இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது என் வேலை. எந்தச் சட்டை கைக்கு வந்தாலும் முதலில் கழுத்துப் பக்கத்தைத் திருப்பி லேபிளைத்தான் படிப்பேன். அன்று கனவிலும் அதையே செய்தேன். அயர்ன் மேசையின் ஓரமாக நிற்கிறேன். கையிலிருந்த சட்டையில் ஆறு மாதக் குழந்தைக்கான அளவு போட்டிருந்தது. பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அறுபது வயது என்றிருந்தது. மறுபடி பார்த்தேன். எழுத்துகள் தமிழுமில்லை, இங்கிலீஷுமில்லை, நூல் பிசிறுபோலக் கிடந்தன. எனக்குக் கோபம்தான் வந்தது. யார் பிரிண்ட் பண்ணியது என்று சத்தம் போட வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. கையில் இருக்கும்போதே எந்த லேபிளும் மாறாது. அப்படியென்றால் இது கனவு.

அந்த நிமிடத்தின் சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அடுத்த நாள் அனுப்ப வேண்டிய சாம்பிள், எடுக்காமல் விட்ட போன், சமைக்காத சமையல் எதற்கும் நான் பொறுப்பில்லை. மேசையை விட்டு நகர்ந்து சுவருக்குள் நடந்தேன். சுவர் நனைந்த துணிபோல விலகியது. அந்தப் பக்கம் நொய்யல் ஆறு ஓடியது. சாயத்தின் நிறமில்லை, நாற்றமில்லை, அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. தண்ணீர் மேல் உட்கார்ந்துகொண்டேன். புடவை நனையவில்லை. நனையாதது எனக்கு அப்படியொரு வேடிக்கையாக இருந்தது. சிரித்தேன், சிரித்த சத்தத்தில் விழித்துக்கொண்டேன்.

அப்போது என் தூக்கம் ஏற்கெனவே கெட்டுத்தான் இருந்தது. அந்த வருஷம் எனக்குக் கொடுத்த பையர் அமெரிக்காக்காரர். அவர்களுக்குப் பொழுது விடியும்போது நாம் படுக்கப் போகும் நேரம். போன் பேசி முடித்துப் படுத்தால் தலைக்குள் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். நான் சாமளாபுரத்தில் தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவள். எந்தச் சத்தத்திலும் தூங்குவேன் என்று எனக்கொரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வமெல்லாம் போய், ஃபேன் சுற்றும் சத்தம்கூடத் தொந்தரவாகிப்போன காலம் அது. மகள் சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தாள். வீட்டில் நானும் என் கணவரும் மட்டும். அவர் பக்கத்துத் தெருவில் சின்னதாகக் காஜா பட்டன் யூனிட் வைத்திருக்கிறார். மற்ற கம்பெனிகள் தைத்த சட்டைகளுக்குப் பட்டன் துளை போட்டுப் பட்டன் வைத்துக் கொடுக்கிற வேலை. அவருக்குத் தலையணையில் தலை பட்டால் போதும், தூங்கிவிடுவார்.

அந்தக் கனவைத் திரும்பக் காண வேண்டும் என்ற ஆசையில் போனில் தேடினேன். உலகமெங்கும் எத்தனையோ பேர் இதையே தேடி அலைகிறார்கள். விழித்திருக்கும்போது அடிக்கடி 'இது கனவா' என்று சோதித்துப் பார்த்துப் பழகினால், அதே பழக்கம் கனவிலும் வரும் என்று போட்டிருந்தது. எழுத்தை ஒருமுறை படித்து, பார்வையை விலக்கி, மறுபடி படிக்க வேண்டும். மாறியிருந்தால் கனவு. எனக்கென்றே சொன்னதுபோல இருந்தது. விடிவதற்கு முன்னால் அலாரம் வைத்து எழுந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து மறுபடி படுத்தால் சீக்கிரம் பலிக்கும் என்றும் இருந்தது. அதையும் செய்தேன்.

பலித்தது. வாரத்தில் சில நாள் நினைத்தபடியே கனவுக்குள் முழித்துக்கொண்டேன். செத்துப்போன என் அப்பாவை வரச் சொல்லி, அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையரை எங்கள் கம்பெனி வாசலில் காக்க வைத்தேன். பறக்கவும் பழகினேன். ஒரு கனவில் உயரமான சுவரின் மேல் நின்று கைகளை விரித்துப் புறப்படத் தயாரானபோது, யாரோ பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். யாரென்று பார்ப்பதற்குள் கலைந்துவிட்டது. கண் விழித்தபோது கட்டிலில் இருந்தேன். ஓரத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"என்னாச்சுங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. டேங்க்ல தண்ணி இருக்குதான்னு மேல போய்ப் பாத்துட்டு வந்தேன். நீ படு."

அதற்குப் பிறகு வந்த ஒரு கனவுதான் எல்லாவற்றையும் குழப்பியது. காலையில் எழுந்தேன், காபி குடித்தேன், வண்டியை எடுத்துக்கொண்டு பல்லடம் ரோட்டில் நெரிசலில் நின்றேன், கம்பெனியில் மீட்டிங்கில் உட்கார்ந்தேன். முழு நாள் வேலை. சாயங்காலம் ஒரு லேபிளைப் படிக்கும்போதுதான் எழுத்து ஓடியது. உண்மையில் விழித்தபோது காலைதான் ஆகியிருந்தது. அதே காபி, அதே நெரிசல், அதே மீட்டிங் எனக்காகக் காத்திருந்தன. அன்றிலிருந்து விழிப்பின் மேலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே என் துப்பட்டாவின் ஓரத்து லேபிளைத் திருப்பிப் பார்ப்பேன். பஸ்ஸின் பின்னால் எழுதியிருப்பதை இரண்டு முறை படிப்பேன். எதிரில் இருப்பவர் நிஜமா என்று யோசித்துக்கொண்டே பதில் சொல்வேன்.

பிறகு திடீரென்று கனவுகள் நின்றுபோயின. அமெரிக்கா போன் முடித்துப் படுத்தால் கிணற்றுக்குள் கல் விழுந்ததுபோலத் தூக்கம். அலாரம் அடித்தது தெரியாது. காலையில் நாக்கில் கசப்பு, கண் இமையில் பாரம். நடந்தால் கால் எனக்குப் பின்னால் வருவதுபோல இருக்கும். தூக்கம் வந்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தேகம். என்னிடமிருந்து எதையோ எடுத்துவிட்டார்கள் என்று தோன்றியது. யார் எடுத்தார்கள் என்றுதான் தெரியவில்லை.

கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்ளும் பெண் என் தோழி. மதியச் சாப்பாட்டை எப்போதும் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். ரம்ஜான் நோன்பு மாதத்தில் மட்டும் நான் தனியாகச் சாப்பிடுவேன், அவள் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு துணை இருப்பாள். ஒருநாள் நான் சோற்றில் கை வைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். அவள் என் தோளைத் தட்டினாள்.

"ஏனுங்க்கா, தூக்க மாத்திரை ஏதாச்சும் சாப்புடறீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"எங்கம்மா ஆப்பரேசனுக்குப் பொறவு கொஞ்ச நாளு சாப்புட்டாங்க. காலைல அவங்க இப்படித்தான் இருப்பாங்க. பேச்சுகூட உங்குளுது மாதிரியேதான் கொழகொழன்னு வரும்."

"நான் எதுவும் சாப்பிடறதில்லை."

"அப்படீன்னா டாக்டர்கிட்டப் போய்ப் பாருங்க்கா. சும்மா உடாதீங்க."

அன்று மதியம் முழுக்க நான் வேலையே செய்யவில்லை. என்ன சாப்பிடுகிறேன், யார் தருகிறார்கள் என்று யோசித்தேன். காலைக் காபி நானே போடுவது. மதியச் சோறு நானே கட்டிக்கொண்டு வருவது. மிச்சமிருந்தது பால் மட்டும்தான். கொஞ்ச நாட்களாக ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவர் மஞ்சளும் மிளகும் போட்டு, நாட்டுச்சர்க்கரை கலந்து ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அடுப்பு பற்ற வைக்கத் தெரியாத மனிதர். முதல் நாள் கொண்டுவந்தபோது எனக்குக் கண் கலங்கியது. இப்போது அதே டம்ளர் எந்த நாளிலிருந்து வர ஆரம்பித்தது என்று எண்ணிப் பார்த்தேன்.

அந்த வாரத்தில் அவர் குண்டடம் போனார். அங்கே அவருடைய அப்பாவின் காட்டில் பயிருக்குத் தண்ணீர் விடும் போர்வெல் மோட்டார் பழுதாகியிருந்தது. அன்று பால் கொடுக்க ஆளில்லை. அன்று எனக்குக் கனவு வந்தது. நான் கனவிலேயே விழித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் நாக்கு கசக்கவில்லை. அவர் திரும்பி வந்தார், பால் வந்தது, மறுபடி கிணற்றுக்குள் விழுந்தேன்.

சந்தேகம் ஒரு பக்கம் பிடித்துவிட்டால் எல்லாமே அதற்குச் சாட்சியாகத் தெரிகிறது. அவர் போனைக் கவிழ்த்து வைப்பது தெரிந்தது. நான் தூங்கி எழும்போதெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மொட்டை மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு வந்திருந்தது. கேட்டதற்கு, "தெருவுல திருட்டு பயம்னு பேசிக்கறாங்க," என்றார். எங்கள் தெருவில் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஒருநாள் நான் குளித்துவிட்டு வரும்போது அவர் வாசற்படியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா ஒத்துக்கமாட்டா... ஆமா, முழுசாத்தான் போட்டேன்... செரி, நீ போன வெய்யி."

ஈரத் தலையோடு அப்படியே நின்றேன். இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனிதர். என்னைத் தூங்க வைத்துவிட்டு இவருக்கு என்ன வேலை? யாராவது வருகிறார்களா? இவர் எங்காவது போகிறாரா? எனக்கு ஏதாவது ஆக வேண்டுமென்று நினைக்கிறாரா? கடைசிக் கேள்வியை நினைத்ததற்கு எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. ஆனாலும் அது போகவில்லை. இன்னொரு சந்தேகமும் கூடவே வந்தது. அவர் போனில் பேசியதை நான் விழித்திருந்து கேட்டேனா, கனவில் கேட்டேனா? தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கனவாக இருந்தால் நனைந்திருப்பேனா என்று தொட்டுப் பார்த்தேன்.

அடுத்த நாள் சாப்பாடு முடிந்ததும், களைப்பாக இருக்கிறது என்று ஹாலிலேயே கட்டிலில் சாய்ந்துகொண்டேன். கண்ணை முக்கால்வாசி மூடினேன். சமையலறை அங்கிருந்து நேராகத் தெரியும். அவர் பாலை அடுப்பில் வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து ஒரு தட்டில் வைத்து, கரண்டியின் அடியால் அழுத்தி நசுக்கினார். நொறுங்குகிற மெல்லிய சத்தம் கேட்டது.

 நான் எழவில்லை. நாற்காலியில் அவருடைய பனியன் கிடந்தது. கையை மெல்ல நீட்டி அதன் லேபிளைப் படித்தேன். சுவரைப் பார்த்தேன். மறுபடி படித்தேன். அதே அளவு, அதே எழுத்து, மூலையில் அதே விட்டுப்போன தையல். மூன்றாவது முறையும் மாறவில்லை. கனவாக இருந்துவிடாதா என்று நான் ஏங்கிப் படித்த ஒரே லேபிள் அதுதான்.

அவர் டம்ளரோடு வந்தார். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு நீங்க குடிங்க," என்றேன்.

"எனக்கெதுக்கு? நீ குடி அம்மிணி, ஆறிப்போகும்."

"நீங்க குடிங்க. நான் பாக்கறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். அதை வாய்வரை கொண்டுபோவார், ஏதாவது சொல்லித் தப்பிப்பார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவர் அதைத் தரையில் வைத்துவிட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"இதுல மாத்திரை இருக்குது," என்றார்.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அது எதுக்கு உங்களுக்கு? எதுக்குப் போட்டீங்க, அதைச் சொல்லுங்க. யாரு குடுத்தா?"

கொடுத்தது அவருடைய தங்கை. பொங்கலூரில் ஒரு சின்ன கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருப்பவள். போனில் பேசியதும் அவளோடுதான். ஏன் என்று மறுபடி கேட்டேன். அவர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒருநாள் வெடியக்காலைல பக்கத்துல கையப் போட்டேன், நீ இல்ல. கதவு தெறந்து கெடந்துச்சு. மாடிக்கு ஓடுனேன். நீ கைப்பிடிச் செவுத்து மேல நின்னுட்டிருக்கற. கூப்புட்டேன். நீ திரும்பிப் பாத்து சிரிச்ச. 'பயப்படாதீங்க, இது கனவுதான்'னு சொன்ன. கைய விரிச்ச. நான் எப்படி வந்து புடிச்சேன்னு எனக்கே தெரீல. கீழ கூட்டீட்டு வந்து படுக்க வெச்சேன். நீ பாட்டுக்குத் தூங்கிட்ட."

 இடுப்பைப் பிடித்து இழுத்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. மூச்சு வாங்க அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்ததும் நினைவுக்கு வந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்லுவேன்? சோத்தத் தின்னுட்டே இது கனவா நெசமான்னு பாத்துட்டிருக்கறவகிட்ட, நீ செவுத்து மேல நின்னேன்னு சொன்னா என்னத்த நம்புவ? ஆசுபத்திரிக்குப் போலாம்னு ஜாடையாக் கேட்டேன். எனக்கென்ன பைத்தியமான்னு நீ சண்டைக்கு வந்த. எனக்கு வேற வழி தெரீல. நீ எந்திரிக்காமத் தூங்குனாப் போதும்னு நெனச்சேன்."

அவர் அழுதார். நான் அழவில்லை. வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது, அப்போதும் எனக்குள் ஒரு மூலை அவரை நம்பவில்லை. சாட்சி அவர் ஒருவர்தான். மாத்திரை போட்டவரும் அவர்தான். கதையைக் கட்டிக்கொள்ள அவருக்குப் போதுமான நாட்கள் இருந்தன. அன்று பாலைச் சமையலறை அங்கணத்தில் ஊற்றிவிட்டு, மகளின் அறையில் தாழ் போட்டுப் படுத்தேன். தூக்கம் வரவே இல்லை. மாடிக்குப் போகும் படி அந்த அறையைத் தாண்டித்தான். வெளியே அவர் பாயைப் போடும் சத்தம் கேட்டது. என்னைக் காவல் காக்கிறாரா, சிறை வைக்கிறாரா என்று விடியும்வரை யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

காலையில் அவர் பால் வாங்கப் போனதும் எதிர்வீட்டுக்குப் போனேன். அங்கே இருக்கும் அம்மா விடிவதற்கு முன்பே மாடியில் துணி காயப்போடுகிறவர். அவர் கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் நின்றார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "எங்க மாடியில என்னை எப்பவாவது பாத்தீங்களா?" என்றேன்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "வாங்க சாமி, உள்ள வாங்க," என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். "நானே கேக்கோணும்னு இருந்தனுங்க. ஊட்டுல ஏதாச்சும் சண்டையா, மனசுக்குச் செரியில்லையான்னு எப்படிக் கேக்கறதுன்னுதான் இருந்துட்டேன். செவுத்து மேல நிக்கறீங்க. எனக்குச் சத்தம் போடவும் பயம். சத்தத்துல உழுந்துட்டீங்கன்னா? உங்கூட்டுக்காரரு மெதுவா, செருப்பக் கழட்டிப்போட்டு வந்தாரு பாருங்க. நான் சாமியக் கும்புட்டுட்டே நின்னேன்."

செருப்பைக் கழற்றியதைக் கணவர் என்னிடம் சொல்லவில்லை. கட்டிச் சொன்ன கதையில் அப்படியொன்று வராது. அந்த அம்மாவின் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதேன்.

அந்த வாரமே கோயம்புத்தூரில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். அவர் என்னைத் தனியாகப் பேச வைத்து முழுக்கக் கேட்டார். கனவில் விழித்துக்கொள்வது நோயில்லை, பலருக்கும் வருவதுதான் என்றார். ஆனால் ஏற்கெனவே தூக்கமில்லாத உடம்பை அலாரம் வைத்துப் பாதியில் எழுப்பி எழுப்பி நான் கெடுத்திருக்கிறேன். உடம்பு ஒரு பக்கம் நடக்க, புத்தி இன்னொரு பக்கம் கனவிலேயே நின்றிருக்கிறது. பிறகு கணவரை உள்ளே கூப்பிட்டார்.

"தூக்கத்துல நடக்கறவங்களுக்குச் சில மாத்திரை அதை இன்னும் கூட்டிவிட்டுடும். தெரியுமா உங்களுக்கு? அவங்களுக்குத் தெரியாம மருந்து குடுக்கறது எவ்வளவு பெரிய தப்பு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தெரீலீங்க சார்," என்றார். எனக்கு அந்த நேரத்தில் அவர்மேல் பரிதாபம் வந்தது. அதே சமயம், டாக்டர் இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்றும் இருந்தது.

முதலாளியிடம் கேட்டு அமெரிக்கா பையரை வேறொருவருக்கு மாற்றிக்கொண்டேன். சோதனையையும் அலாரத்தையும் விட்டேன். விடுவது லேசாக இல்லை. அப்பாவை வரச் சொல்லிப் பார்க்க முடியாது என்பது இரண்டாவது முறை இழவு விழுந்ததுபோல இருந்தது. வீட்டிலும் உடனே சரியாகிவிடவில்லை. வெகு நாட்கள் அவர் எனக்கு முன்னால் ஒரு வாய் குடித்துக் காட்டிய பிறகுதான் எதையும் என்னிடம் நீட்டினார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதற்கு மாதங்களாயின.

நாத்தனாரிடம் மட்டும் பேசாமலிருந்தேன். போன தை மாதம் குண்டடத்தில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் என் பக்கத்து இலையில் அவளே வந்து உட்கார்ந்தாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நங்கை, எம்மேல கோவம் போகுலீங்களா?"

"போகலை," என்றேன்.

"அண்ணன் போன்ல அழுதுச்சுங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இருந்ததக் குடுத்துட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கோணுங்க," என்றாள். வேறு சமாதானம் எதுவும் அவள் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது. பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு வந்தார். அவள் இலையில் சோறு வெறுமனே கிடப்பதைக் காட்டி, அங்கே முதலில் ஊற்றச் சொன்னேன்.